ஃபஸ் சோதனையில் ‘செயல்திறன்’ என்னும் அளவுகோல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளுக்குத் தாறுமாறான உள்ளீடுகளை இடையறாது ஊட்டி, அது எங்கே முறிகிறது என்று நோக்கும் தானியங்குச் சோதனை முறை ஃபஸ் சோதனை எனப்படுகிறது. இம்முறையின் செயல்திறனை உயர்த்தியதாகக் கூறும் ஆய்வுகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. ஆயினும் அவ்வாய்வுகள் ‘செயல்திறன்’ என்று எதனைக் குறிக்கின்றன என்பதில் தெளிவில்லை. சில ஆய்வுகள் வேகத்தையும், சில பரவலையும், சில முறிவுகளின் எண்ணிக்கையையும் செயல்திறனாகக் கொள்கின்றன. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. செயல்திறன் என்பது கருவிக்கு மட்டும் உரிய பண்பன்று என்றும், கருவி, உள்ளீட்டின் அமைப்பு, சோதிக்கப்படும் நிரல் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவே அது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ் எழுத்துகளின் குறியேற்றம் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஃபஸ் சோதனை, செயல்திறன், விளைதிறன், பரவல், உள்ளீட்டுத் திரிப்பு, யுடிஎஃப்-8, மதிப்பீட்டு முறையியல்

1. முன்னுரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் 1988-இல் தம் மாணவர்களுக்கு அளித்த பாடத்திட்டப் பணியிலிருந்து ஃபஸ் சோதனை தொடங்குகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் பயன்பாட்டு நிரல்களுக்குப் பொருளற்ற எழுத்துச் சரங்களை ஊட்டியபோது, சோதிக்கப்பட்ட ஒவ்வொரு பதிப்பிலும் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான நிரல்கள் முறிந்தன. 1990-இல் வெளியான இம்முடிவு, மிக எளிய முறையொன்று இத்தனை பிழைகளைக் காட்டக்கூடும் என்பதை உணர்த்தியது.

2013-இல் மிகாவ் ஸலேவ்ஸ்கி வெளியிட்ட ஏஎஃப்எல் என்னும் கருவி இத்துறையின் போக்கை மாற்றியது. ஓர் உள்ளீடு நிரலின் எவ்வழிகளில் பயணித்தது என்பதை இக்கருவி குறித்துக்கொள்ளும். புதிய வழியைத் திறந்த உள்ளீட்டைப் பேணிவைத்து, அதனை மீண்டும் திரித்து அடுத்த தலைமுறை உள்ளீடுகளை உண்டாக்கும். ‘பரவல் வழிகாட்டும் ஃபஸ் சோதனை’ எனப்படும் இம்முறையே இன்றைய கருவிகளுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை. கூகுள் நிறுவனம் 2016-இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம் இத்தகைய கருவிகளைக் கொண்டு திறமூல மென்பொருள்களை இடையறாது சோதித்து வருகிறது.

இதன்பின் வந்த ஆய்வுகளுள் மிகுதியானவை ஒரே வடிவின. ஏஎஃப்எல் அல்லது அதன் வழித்தோன்றல் ஒன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது; அதன் ஓர் உறுப்பு மாற்றியமைக்கப்படுகிறது; மாற்றிய கருவி பழையதைவிடத் திறன் மிக்கது என்று அட்டவணைகள் காட்டுகின்றன. இக்கட்டுரை அத்தகைய நுட்பங்களைத் தொகுத்துரைக்க முற்படவில்லை. ‘திறன் மிக்கது’ என்னும் முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதே இதன் வினா.

2. செயல்திறனும் விளைதிறனும்

மார்செல் போமே, சௌம்யா பால் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்ட கோட்பாட்டு ஆய்வு இவ்விரு கருத்துகளையும் பிரித்துக் காட்டியது. ஒரு முறை இறுதியில் எவ்வளவு பிழைகளை வெளிக்கொணரும் என்பது விளைதிறன்; அதனை எவ்வளவு செலவில் செய்யும் என்பது செயல்திறன். ஒவ்வோர் உள்ளீட்டையும் நிரலை ஆழ்ந்து ஆராய்ந்தே உருவாக்கும் முறை விளைதிறனில் சிறந்து விளங்கலாம். ஆனால் ஓர் உள்ளீட்டுக்கு அது செலவிடும் நேரம் ஒரு வரம்பைத் தாண்டினால், கண்மூடித்தனமான தற்போக்குச் சோதனையே செயல்திறனில் அதனை விஞ்சிவிடும் என்பது அவர்தம் முடிவு.

இம்முடிவைப் பின்வருமாறு விரித்து நோக்கலாம். குறிப்பிட்ட ஒரு பிழையைக் கண்டறியும் விகிதம் மூன்று காரணிகளின் பெருக்கற்பலன் எனலாம். முதலாவது, ஒரு நொடியில் நிகழும் சோதனைகளின் எண்ணிக்கை. இதனை வேகம் என்போம். இரண்டாவது, ஒரு சோதனை அப்பிழையைத் தூண்டும் நிகழ்தகவு, இது தொடுதல். மூன்றாவது, தூண்டப்பட்ட பிழை சோதிப்பவரின் கண்ணுக்கு வெளிப்படும் நிகழ்தகவு, இது புலப்படல். பெருக்கலில் ஓர் உறுப்பு சுழியானால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரியவையாயினும் பயனில்லை. செயல்திறன் உயர்ந்ததாகக் கூறும் ஆய்வுகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றை மட்டுமே அளந்து, ஏனைய இரண்டும் மாறாதிருப்பதாகச் சொல்லாமலே கொள்கின்றன. இவ்விடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

3. வேகம் என்னும் காரணி

வேகத்தை உயர்த்துவது எளிதில் அளக்கத்தக்க முன்னேற்றம். ஒவ்வொரு சோதனைக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்காமல், தொடங்கிய நிலையிலிருந்து படியெடுத்துக்கொள்ளும் உத்தி ஏஎஃப்எல் கருவியில் உள்ளது. நிரலின் ஒரு செயற்கூற்றை மட்டும் அதே செயல்முறைக்குள் மீண்டும் மீண்டும் அழைக்கும் உத்தி லிப்ஃபஸ்ஸர் கருவியில் உள்ளது. இவை உண்மையான பயன் தருவன என்பதில் ஐயமில்லை.

எனினும் வேகத்தின் எல்லையை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒரு நிரல், கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் குறிப்பிட்ட மதிப்பாக இருந்தால் மட்டுமே மேற்செல்லும் எனக் கொள்வோம். தற்போக்காகத் திரிக்கும் கருவி அம்மதிப்பை எட்டச் சராசரியாக 429 கோடிக்கு மேற்பட்ட முயற்சிகள் வேண்டும். நொடிக்கு 1,000 சோதனைகள் எனில் இது ஏறத்தாழ 50 நாள்கள். வேகத்தை இரட்டித்தால் 25 நாள்கள். மாறாக, ஒப்பீட்டுக் கட்டளையில் நிரல் எதிர்பார்க்கும் மதிப்பைக் கவனித்து, அதனையே உள்ளீட்டில் பொருத்தும் உத்தியை 2019-இல் வெளியான ரெட்குவீன் கையாண்டது. அவ்வுத்தியால் ஒவ்வொரு சோதனைக்கும் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். ஆனால் தடை ஒரு சில முயற்சிகளில் நீங்கிவிடுகிறது. நொடிக்கு எத்தனை சோதனைகள் என்னும் அளவு மட்டும் அட்டவணையில் இடம்பெற்றால், இவ்வுத்தி பின்னடைவாகவே தோன்றும்.

புலப்படலுக்கும் வேகத்துக்கும் இடையிலான முரண் இன்னும் கூர்மையானது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் ஓபன்எஸ்எஸ்எல் குறைபாடு, நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கும் பிழை. இத்தகைய பிழை தூண்டப்பட்டாலும் நிரல் பொதுவாக முறிவதில்லை. அமைதியாகத் தொடர்ந்து இயங்கும். முறிவை மட்டும் நோக்கும் கருவி அதனைக் கோடி முறை தொட்டாலும் காணாது. நினைவக எல்லை மீறலைக் கண்காணிக்கும் அட்ரஸ்சானிடைசர் இக்குறையை நீக்குகிறது. 2012-இல் அதனை அறிமுகம் செய்தவர்களே அது நிரலைச் சராசரியாக 73 விழுக்காடு மெதுவாக்குவதாகப் பதிவுசெய்துள்ளனர். அதாவது வேகம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. புலப்படலோ சுழிக்கு அண்மையிலிருந்து ஒன்றுக்கு அண்மையில் உயர்கிறது. வேகக் குறைவே இங்குச் செயல்திறனின் விலை.

4. பரவல் என்னும் பதிலி

பிழைகள் அரியவை, அவற்றை எண்ணி ஒப்பிடுவது கடினம். ஆதலால், நிரலின் எத்தனைக் கிளைவழிகள் இயங்கின என்னும் பரவல் அளவு, தொடுதலுக்குப் பதிலியாக வழங்குகிறது. இயங்காத பகுதியிலுள்ள பிழையைக் கண்டறிய இயலாது என்பது இதற்கான நியாயம். நியாயம் சரியே, ஆனால் அதன் மறுதலை சரியன்று. இயங்கிய பகுதியிலுள்ள பிழை கண்டறியப்பட்டுவிட்டது எனக் கொள்வதற்கில்லை.

இதற்கு அண்மைக்காலத்தின் வலுவான சான்று லிப்வெப்பி நூலகம். வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் இந்நூலகம் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டத்தில் பல்லாண்டுகள் சோதிக்கப்பட்டு வந்தது. ஆயினும் 2023 செப்டம்பரில், அதன் ஹஃப்மன் அட்டவணையை உருவாக்கும் பகுதியில் நினைவக எல்லை மீறி எழுதும் பிழை இருப்பது, அது தாக்குதல்களில் பயன்படுத்தப்பட்ட பின்னரே வெளிப்பட்டது. அட்டவணைக்கான இடம், முறையான குறியீட்டு நீளங்கள் மட்டுமே வரும் என்னும் கணிப்பில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது. முறையற்ற நீளங்களைத் தேர்ந்து கோத்தால் மட்டுமே அவ்விடம் நிரம்பி வழியும். இழப்பின்றிச் சுருக்கப்பட்ட வெப்பி படத்தைத் திறக்கும்போது அட்டவணையை உருவாக்கும் வரிகள் இயங்கக்கூடியவை. அரிதாக அமைவது அவ்வரிகளின் இயக்கமன்று. பல மதிப்புகள் ஒருங்கே கூடும் நிலை. அந்நிலையை நோக்கி ஓர் உள்ளீடு ஓரடி நெருங்கினாலும் புதிய கிளைவழி எதுவும் திறப்பதில்லை. எனவே கருவிக்கு அதனைப் பேணிவைக்க எக்காரணமும் இல்லை.

கிளைவழிகளை நெறிப்படுத்திப் பயன்கொண்ட ஆய்வுகளை இதனால் குறைத்து மதிப்பிடலாகாது. 2016-இல் போமே, வான்-துவான் பாம், அபிக் ராய்சௌத்ரி ஆகியோர் வெளியிட்ட ஏஎஃப்எல்ஃபாஸ்ட், திரிக்கப்படும் உள்ளீடுகளுள் பெரும்பாலானவை ஒரு சில வழிகளிலேயே மீண்டும் மீண்டும் செல்வதைச் சுட்டியது. அரிதாக நடக்கும் வழிகளுக்குக் கூடுதல் முயற்சியை ஒதுக்குவது அவர்கள் கண்ட தீர்வு. வீணாகும் உழைப்பு எங்கே என்று முதலில் கேட்டுப் பின் தீர்வு தேடியதே அவ்வாய்வின் வலிமை.

பதிலியின் நம்பகத்தன்மை குறித்துப் போமே, லாஸ்லோ ஸெக்கெரெஸ், ஜோனதன் மெட்ஸ்மன் ஆகியோர் 2022-இல் வெளியிட்ட முடிவு இங்கு இன்றியமையாதது. ஒரு கருவி எட்டும் பரவலுக்கும் அது காணும் பிழைகளுக்கும் வலுவான தொடர்பு உண்டு. ஆயினும் பரவலின்படி முதலிடம் பெறும் கருவியே பிழைகாண்பதிலும் முதலிடம் பெறும் என்பதில் வலுவான உடன்பாடு இல்லை. தொடர்பு உண்டு என்னும் முதற்பகுதியை மட்டும் மேற்கோளாக்கித் தரவரிசைக்குச் சான்றாக்குவது அவ்வாய்வுக்கு இழைக்கும் அநீதி.

5. முறிவுகளை எண்ணுதல்

பதிலியைத் தவிர்த்து நேரடியாகப் பிழைகளையே எண்ணலாமே என்னும் கருத்து எழலாம். ஆனால் கருவி காட்டுவன பிழைகள் அல்ல, முறிவுகள். ஜார்ஜ் கிளீஸ் முதலியோர் 2018-இல் 32 ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றின் மதிப்பீடு ஒவ்வொன்றிலும் ஏதேனுமொரு குறை இருந்ததாகக் கண்டனர். அவர்களின் சோதனையில், பரவல் வேறுபாட்டின் அடிப்படையில் ‘தனித்தன்மையுடையவை’ என்று கருவி வகைப்படுத்திய 57,142 முறிவு உள்ளீடுகள், உண்மையில் 9 திருத்தங்களால் நீங்கிவிட்டன. முறிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கருவி மற்றொன்றைவிட இருமடங்கு திறன் மிக்கது என்று கூறுவது எத்துணை வலுவற்றது என்பதை இவ்வொரு சான்றே உணர்த்தும்.

செயற்கையாகப் பிழைகளைப் புகுத்திய சோதனைத் தொகுதிகளும் முழுமையான தீர்வாகவில்லை. 2016-இல் வெளியான லாவா-எம் தொகுதியில் புகுத்தப்பட்ட பிழைகள் நான்கு பைட்டு ஒப்பீட்டைக் கடந்தால் தூண்டப்படும் வகையின. அத்தகைய ஒப்பீட்டைக் கடக்கும் உத்தி எதுவாயினும் அத்தொகுதியில் பெருவெற்றி பெறும். உண்மை நிரல்களில் அவ்வெற்றி தொடர வேண்டுமென்பதில்லை. உண்மையில் நிகழ்ந்த பிழைகளைப் புதிய பதிப்புகளில் மீளப் பதித்த மக்மா தொகுதி இவ்வகையில் மேம்பட்டது. அதில் எட்டியது, தூண்டியது என்னும் இரு நிலைகளும் தனித்தனியே பதிவாகின்றன. முன்னர்க் கூறிய ‘தொடுதல்’ என்னும் காரணியைப் பரவலிலிருந்து பிரித்தறிய இது வழிசெய்கிறது.

6. உள்ளீட்டின் அமைப்பும் திரிப்பின் பயனும்: தமிழ்க் குறியேற்றம் சான்றாக

இதுகாறும் கூறியவை கருவிகளைப் பற்றியவை. செயல்திறன் உள்ளீட்டின் அமைப்பையும் சார்ந்தது என்பதைக் காட்டத் தமிழ் எழுத்தொன்றையே எடுத்துக்கொள்ளலாம். திரையில் தமிழ் எழுத்துகளை வடிவமைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் போன்ற நூலகங்களும் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டத்தில் சோதிக்கப்படுபவை. எழுத்துச் சரங்களைக் கையாளும் நிரல்களின் பிழைகள் ஏட்டளவிலானவை அல்ல. 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துச் சேர்க்கையொன்று ஐபோன் செயலிகளை முறியச் செய்தது; ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் அதனைத் திருத்தியது.

‘க’ என்னும் எழுத்து யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளால், அதாவது 24 பிட்டுகளால் ஆனது. ஃபஸ்ஸர்கள் கையாளும் மிக எளிய திரிப்பு, ஒரு பிட்டை மட்டும் மாற்றுவது. அவ்வாறு இயலக்கூடிய 24 திரிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் கிடைக்கும் முடிவு வருமாறு. தமிழ்ச் சொல்லொன்றின் நடுவே நிகழும்போது 9 திரிப்புகள் குறியேற்றத்தையே சிதைத்துவிடுகின்றன. எஞ்சிய 15 திரிப்புகள் முறையான குறியேற்றத்தைத் தருகின்றன. ஆனால் அவற்றுள் 7 மட்டுமே தமிழுக்கான யுனிகோடு பகுதிக்குள் அடங்கும். அந்த 7-இலும் 4 எழுத்து ஒதுக்கப்படாத வெற்றிடங்கள். இறுதியில் தமிழ் எழுத்தாக அமைவன ஔ, அ, வ ஆகிய மூன்று மட்டுமே. தமிழுக்கு வெளியே செல்லும் எட்டில் மூன்று, ஒடியா, குஜராத்தி, வங்க எழுத்துகளின் ‘க’ ஒலிக்குரிய வரிவடிவங்களாக அமைகின்றன. இந்திய எழுத்துகள் யுனிகோடில் இணையான வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதன் விளைவு இது.

இக்கணக்கிலிருந்து, 24-இல் 21 திரிப்புகள் வீண் என்று முடிவுகட்டுவது தவறாகும். சோதிக்கப்படுவது குறியேற்றத்தைப் படிக்கும் நிரலெனில், சிதைந்த 9 திரிப்புகளே விலைமதிப்புடையவை. வெவ்வேறு எழுத்துமுறைகள் கலந்த சரத்தைப் பகுக்கும் நிரலெனில், பிற மொழி எழுத்தாக மாறியவை பயன்படும். ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை மெய்யின் இருபுறமும் பிரித்து அமைக்கும் நிரற்பகுதியை ஆழச் சோதிக்க வேண்டுமெனில், மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றை அலகுகளாகக் கொண்டு அவற்றின் வரிசையைத் திரிக்கும் முறையே ஏற்றது. திரிப்பு முறை மாறவில்லை. நிரலும் நோக்கமும் மாறும்போது அதன் பயன் மட்டும் மாறுகிறது.

ஆகவே எழுத்துருக் கோப்பிலோ படக்கோப்பிலோ பெற்ற செயல்திறன் உயர்வை எல்லா உள்ளீடுகளுக்கும் பொதுமைப்படுத்துதல் முறையன்று. இந்திய மொழிச் செயலாக்க நிரல்களைச் சோதிக்க முற்படுவோர், பிற தொகுதிகளில் முதலிடம் பெற்ற கருவியை அப்படியே எடுத்தாள்வதற்கு முன், அதன் திரிப்புகளுள் எத்தனை தம் இலக்கு நிரற்பகுதியை எட்டுகின்றன என்று கணக்கிடுதல் நன்று. மேற்காட்டிய கணக்குக்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

7. மதிப்பீட்டின் செலவு

கிளீஸ் முதலியோர் மதிப்பீட்டுக்கு வகுத்த நெறிகள் இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சோதனையும் குறைந்தது 24 மணிநேரம் நிகழவேண்டும். 30 முறை மீளச் செய்யப்படவேண்டும். வேறுபாடு புள்ளியியல் முறையில் நிறுவப்படவேண்டும். ஃபஸ் சோதனை தற்போக்கை அடிப்படையாகக் கொண்டதாதலின், ஒரே கருவி இருமுறை இயங்கினால் இரு வேறு முடிவுகள் வரும். எனவே இந்நெறிகள் அறிவியல் நேர்மைக்குத் தேவையானவை. இருந்தும், மோரிட்ஸ் ஷ்லோகெல் முதலியோர் 2018 முதல் 2023 வரையிலான 150 கட்டுரைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, புள்ளியியல் சோதனை உள்ளிட்ட நெறிகள் இன்னும் பல கட்டுரைகளில் பேணப்படவில்லை எனக் காட்டியது.

இந்நெறிகளின் செலவையும் பேசியாக வேண்டும். இரு கருவிகளைப் பத்து நிரல்களில் ஒப்பிடுவதாகக் கொண்டால் 2 × 10 × 30 × 24 = 14,400 கோர்-மணிநேரம் ஆகும். எட்டுக் கோர்கள் கொண்ட ஒற்றைக் கணினியில் இது இடைவிடாத 75 நாள்கள். நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் மீண்டும் 75 நாள்கள். பெருநிறுவனங்களுக்கு இது ஒரு பொருட்டன்று. மாநிலப் பல்கலைக்கழகத் துறையொன்றின் ஆய்வுக்கூடத்துக்கு, மின்தடையையும் கணக்கில் கொண்டால், இது ஒரு பருவத்தின் உழைப்பு.

போமே, பிராண்டன் ஃபால்க் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட முடிவு இவ்விடைவெளியை மேலும் கூர்மையாக்குகிறது. ஏற்கெனவே கண்ட பிழைகளை இருமடங்கு விரைவாகக் காண இருமடங்கு கணினிகள் போதும். ஆனால் அதே காலத்தில் புதிய பிழைகளைச் சீரான அளவில் கூட்டிக்கொண்டே செல்ல, கணினிகளின் எண்ணிக்கை அடுக்கேற்ற விகிதத்தில் பெருகவேண்டும். வன்பொருளைக் குவிப்பதால் மட்டும் இத்துறை நெடுந்தொலைவு செல்லாது என்பது இதன் பொருள். தொடுதலையும் புலப்படலையும் உயர்த்தும் சிந்தனைக்கே எதிர்காலம் உண்டு எனில், சிறிய ஆய்வுக்கூடங்களுக்கும் அதில் இடமுண்டு.

செலவு மிகுதி என்பதால் நெறிகளைத் தளர்த்துதல் தீர்வாகாது. ஐந்து முறை இயக்கிப் பெற்ற சராசரியைப் பத்து நிரல்களுக்குக் காட்டுவதைவிட, 30 முறை இயக்கிப் பெற்ற முடிவை இரண்டு நிரல்களுக்குக் காட்டுவது மேலானது. மேற்காட்டிய கணக்கின்படி அது 2,880 கோர்-மணிநேரம். அதே கணினியில் 15 நாள்களில் முடியும். முடிவின் பரப்பைச் சுருக்கலாம். அதன் உறுதியைச் சுருக்கலாகாது. அவ்வாறு சுருக்கியதை வெளிப்படையாகக் கூறும் கட்டுரையைக் குறைவுடையதாகக் கருதும் போக்கை மதிப்பீட்டாளர்களும் கைவிடவேண்டும்.

8. முடிவுரை

செயல்திறன் உயர்ந்தது என்று கூறும் எக்கட்டுரையும் மூன்று வினாக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது. உயர்ந்தது வேகமா, தொடுதலா, புலப்படலா? அதனால் மற்ற இரண்டும் எவ்வளவு மாறின? எவ்வகை உள்ளீட்டுக்கும் எவ்வகை நிரலுக்கும் இம்முடிவு பொருந்தும்? இவ்விடைகள் இல்லாத தரவரிசை அட்டவணை, கருவியைத் தேர்பவருக்கு வழிகாட்டாது.

லிப்வெப்பி சான்று உணர்த்துவது போல, அளவிடப்படும் எண்கள் அனைத்தும் நிறைவாக இருக்கும்போதே பெரும்பிழை மறைந்திருக்க இயலும். அம்மறைவிடங்களைத் தேடப் பெருங்கணினிகள் ஓரளவே உதவும். உள்ளீட்டின் இலக்கணத்தை அறிந்து திரிப்பை வகுத்தலும், முறியாத பிழையைக் காட்டும் கண்காணிப்பை வடிவமைத்தலும் அதனினும் மிகுதியாக உதவும். எழுத்துகளின் சேர்க்கை விதிகளை நன்கறிந்த தமிழ்க் கணினி ஆய்வாளர்கள், இந்திய எழுத்துமுறைகளைக் கையாளும் நிரல்களுக்கான திரிப்பு முறைகளை வகுத்து, மேற்கூறிய நெறிகளின்படி மதிப்பிட்டு வெளியிடுவது இத்துறைக்கு உடனடித் தேவையாகும்.